உழைப்பவர் பேச்சும் எடுத்துரைப்பு மொழியும்: கன்னட தலித் – பண்டாய எழுத்து

இந்திய மொழிப் புனைகதைகளில் உழவுத் தொழிலாளர் நெடுங்காலமாக இடம்பெற்று வந்துள்ளனர். ஆயினும் அவர்தம் பேச்சு பெரும்பாலும் மேற்கோள் குறிகளுக்குள் உரையாடலாக மட்டுமே நின்றது. கதையை எடுத்துரைத்த மொழி கற்றோரின் எழுத்துமொழியே. கன்னடத்தில் இவ்வரம்பு 1970களில் தகர்ந்தது. அது தகர்ந்த வரலாற்றையும், அவ்வெழுத்தைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. பின்னணி

1973 நவம்பரில் மைசூரில் பேசிய அன்றைய மாநில அமைச்சர் பி. பசவலிங்கப்பா, கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி 'பூசா' என்றார். பூசா என்பது மாட்டுக்கு வைக்கும் தவிடு முதலிய தீவனம். அவர் கூற்றை எதிர்த்துக் கிளர்ச்சி வெடித்தது. தலித் மாணவர்கள் தாக்கப்பட்டனர். அமைச்சர் பதவி விலகினார். இலக்கியம் யாருடைய வாழ்வைச் சொல்கிறது என்னும் வினா இதனால் தெருவுக்கு வந்தது. 1970களின் நடுப்பகுதியில் தலித் சங்கர்ஷ சமிதியும் 1979இல் பண்டாய சாகித்திய அமைப்பும் தோன்றின. 'பண்டாய' என்பதற்குக் கலகம் என்பது பொருள்.

இதே காலத்தில் நிலவுறவுகளும் மாறிக்கொண்டிருந்தன. கருநாடக நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டம் 1974இல் நடைமுறைக்கு வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. சட்டம் பேசிய அதே வாழ்வைச் 'சூத்ர', 'பஞ்சம' போன்ற சிறு இதழ்களும் இயக்கத்தின் துண்டு வெளியீடுகளும் வேறு மொழியில் பேசின. பெரிய இதழ்களின் மொழித்தூய்மை அளவுகோல் இவற்றைக் கட்டுப்படுத்தவில்லை. எழுதுவோரும் படிப்போரும் பெரும்பாலும் ஒரே சூழலைச் சேர்ந்தவர்களாதலின் வட்டாரச் சொல்லுக்கு விளக்கம் தரவேண்டிய தேவையும் குறைவாக இருந்தது.

2. கவிதை

சித்தலிங்கையாவின் (1954–2021) முதல் தொகுப்பாகிய 'ஹொலெமாதிகர ஹாடு' 1975இல் வெளிவந்தது. தலைப்பில் இரு சாதிப்பெயர்களும் வெளிப்படையாக நிற்கின்றன. அடுத்து வருவது 'கவிதை' என்னும் சொல்லன்று, 'ஹாடு', அதாவது பாட்டு. அவருடைய பாடல்கள் கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் பாடப்பட்டன. எழுத்தறியாதவரையும் அவை எட்டின. மீண்டுவரும் சொற்கள், குழுவாகப் பாடுதற்கேற்ற ஓசை ஆகியன அவற்றின் பயன்பாட்டினின்று பிறந்தவை; அவற்றை அலங்காரமெனக் கொள்வது பொருந்தாது. பின்னர் எழுதிய 'ஊரு கேரி' என்னும் தன்வரலாற்றின் தொடக்கத்தில், மாடுகளுக்குப் பதிலாக நுகத்தடி சுமந்து ஏரிழுத்த இருவருள் ஒருவர் தம் தந்தை என்பதை அவர் பதிவுசெய்கிறார். இந்நூலைப் பாவண்ணன் 'ஊரும் சேரியும்' எனத் தமிழில் தந்துள்ளார்.

3. புனைகதை

நஞ்சனகூடு வட்டத்துத் தேவனூரில் 1948இல் பிறந்த தேவனூர மகாதேவ, மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் சில காலம் பணியாற்றிப் பின் விலகி வேளாண்மையை மேற்கொண்டவர். அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு 'த்யாவனூரு' (1973). ஆவணங்களில் 'தேவனூரு' என்றிருக்கும் ஊர்ப்பெயர் அங்குள்ள மக்கள் வாயில் 'த்யாவனூரு' ஆகிறது. முதலசையின் ஏகாரம் யகரம் கலந்த ஆகாரமாக ஒலிக்கும் இவ்வழக்கு நூலின் தலைப்பிலேயே ஏறிவிட்டது. 'அமாஸ' என்னும் கதையின் சிறுவன் பெயர் அமாவாசையைக் குறிப்பது. அவன் பெயரும் பேச்சொலியிலேயே எழுதப்படுகிறது.

'ஒடலாள' என்னும் குறுநாவல் காணாமற்போன சேவலைத் தேடும் சாக்கவ்வா என்னும் முதியவளைச் சுற்றி அமைவது. பசித்த குடும்பம் களவுபோன நிலக்கடலையை ஓரிரவில் தின்று தீர்க்கிறது. காவலர் தேடி வரும்போது எதுவும் எஞ்சவில்லை. இங்கே பசி ஓர் இரக்கப்பொருளாகக் காட்டப்படவில்லை. வீட்டாரின் கேலியும் சண்டையும் பரிவும் அவர்தம் பேச்சிலேயே இயங்குகின்றன. 1990இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற 'குசுமபாலெ'யில் எடுத்துரைப்பு முழுவதும் வட்டார வழக்கிலேயே ஓடுகிறது. ஊரடங்கியபின் விளக்குச் சுடர்களாகிய 'ஜோதம்மாக்கள்' கூடிப் பேசுவதும் அம்மொழிக்குள் இயல்பாகின்றது. கன்னடர்க்கே விளங்கவில்லை என்னும் குறை அந்நூலின்மீது எழுந்தது. எழுத்துமொழியே கன்னடம் என்னும் கருத்து எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு அக்குறையே சான்றாகும்.

4. தமிழாக்கச் சிக்கல்

இரு சொற்களை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது 'ஜீத'. இதனைக் 'கொத்தடிமை' எனப் பெயர்த்தால் பொருள் சரியே; ஆனால் அது சட்டத்தின் சொல். வாழ்ந்தவர் வாயில் வழங்கியவை 'பண்ணையாள்', 'படியாள்' போன்றவை. இவற்றுள்ளும் கூலிமுறை வேறுபாடு உண்டு. படியாள் என்னும் சொல்லிலேயே படியளந்து தரும் தானியக்கூலி அடங்கியுள்ளது.

இரண்டாவது 'புத்தி' என்னும் விளி. பழைய மைசூர்ப் பகுதியில் தலித்துகள் நிலவுடைமையாளரை இவ்வாறு விளிப்பது வழக்கம். தமிழில் 'சாமி', 'ஆண்டே', 'பண்ணாடி' எனப் பல உள. 'பண்ணாடி' என்றால் கதை கொங்குநாட்டுக்கு இடம்பெயர்ந்துவிடும். 'ஐயா' என்றாலோ பணிவின் சாதிக்கூறு மறைந்து வெறும் மரியாதை எஞ்சும். மூலச்சொல்லையே வைத்து, அது யார் யாரை விளிப்பது என்பதைச் சூழலால் உணர்த்துவது ஒரு வழி.

எடுத்துரைப்பு முழுவதையும் ஒரு தமிழ் வட்டார வழக்கில் வார்ப்பதும் இதே இடர்ப்பாட்டுக்கு உள்ளாகும். பொதுத்தமிழில் வார்ப்பது அதனினும் பெரிய இழப்பு. 1970களில் கடக்கப்பட்ட வரம்பை மொழிபெயர்ப்பாளரே மீண்டும் எழுப்பியவராவார். பேச்சுத்தொடரின் அமைப்பு, விளிகள், உறவுப்பெயர்கள், தொழிற்சொற்கள் ஆகியவற்றைப் பேச்சுநிலையில் வைத்து, ஓரிடத்தை மட்டும் சுட்டும் ஒலிமாற்றங்களைக் குறைத்துக்கொள்வது இடைவழியாகும்.

இதற்கான வளம் தமிழில் உண்டு. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942), பூமணியின் 'பிறகு' (1979), கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி (1982) ஆகியவை உழைப்பவர் சொற்களை அச்சேற்றியவை. கன்னட நூல்களைத் தமிழாக்குவோர் பொதுச் சொல்லகராதியோடு இவற்றையும் அருகில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். கூலி, கடன், பசி ஆகியவற்றின் வரலாறு அச்சொற்களில் பதிந்துள்ளது. சொல் பொதுமையாகுமிடத்து அவ்வரலாறும் மறைந்துவிடும்.