சங்கம் வளர்த்த வானொலி

வானொலியை நமக்கு அளித்தது அரசாங்கமே என்று மாணவர் பலர் எண்ணக்கூடும். ஆயின் சென்னையில் அதை முதலில் ஒலிக்கச் செய்தோர், ஊதியம் கருதாமல் கூடிய ஆர்வலர்களே.

சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924 மே 16 அன்று சென்னை மாகாண வானொலிச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31 அன்று அது ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் கருவியின் ஆற்றல் 40 வாட். ஒரு சிறு குண்டு விளக்கின் ஆற்றலே அது! பின்னர் 200 வாட் கருவி வந்தது. எனினும் பணமுடையால் 1927 அக்டோபரில் ஒலிபரப்பு நின்றது. அறிவு குறையவில்லை, ஆதரவே குறைந்தது.

சங்கத்தார் கருவியைத் துருப்பிடிக்க விடவில்லை; சென்னை மாநகராட்சிக்கு அளித்தனர். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது.

கொங்கு நாட்டில் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று 1941இல் அறிவித்தவர் கோவை ஜி. டி. நாயுடு. அத்திறனோடு கூடி உழைக்கும் பழக்கமும் வேண்டும் என்பேன்.

பன்னிரண்டு வயது நிரம்பியவர் மத்திய அரசின் தேர்வெழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெறலாம். முதலில் கேட்கப் பழகுங்கள், பிறகு பேசலாம். உள்ளூர்ச் சங்கத்தில் சேருங்கள். மூத்தோரிடம் கற்று, இளையோர்க்குக் கற்பியுங்கள். சந்தாவைத் தவறாது செலுத்துங்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருப்பினும், ஆர்வத்தை அணையாமல் காப்பது சங்கமே.