மருந்து முந்தி, காரணம் பிந்தி



மனச்சோர்வுக்குப் பெரிதும் காரணம் மூளையா, வாழ்வா என்பது தலைப்பு. எதிரணித் தம்பி ரொம்ப அழகாப் பேசினார். “சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் குறைவு எப்படியோ, அப்படித்தான் மனச்சோர்வுக்கு மூளையில் செரோட்டோனின் என்கிற ரசாயனக் குறைவு. விஞ்ஞானம் நிரூபிச்சாச்சு” என்றார். “தமிழ் வாத்தியாருக்கு மூளை ரசாயனத்துல என்ன வேலை?”ன்னு என் பக்கம் திரும்பிச் சிரிக்கவும் செய்தார். (சிரிப்பு)

தம்பி, வேலை இருக்குப்பா. போன மாசம் ஒரு ஊரில் பேசிட்டு இறங்குறேன். ஒரு அம்மா ஓரமா வந்து நின்னாங்க. “ஐயா, என் பொண்ணு மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுறா. மூளையில ஏதோ குறையாம். இது பரம்பரையா வருமாய்யா? அவளுக்குக் கல்யாணம் பண்ணலாமா?”ன்னு கேட்டாங்க. அந்தக் ‘குறை’ங்கிற சொல் எங்கே பிறந்ததுன்னு அன்னைக்கு ராத்திரியே தேட ஆரம்பிச்சேன்.

அது பிறந்தது அமெரிக்காவில், ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில். நியூயார்க் நகரத்து ஸ்டேட்டன் தீவில் சீ வியூ மருத்துவமனை. 1952-ல் அங்கே இப்ரோனியசிட் என்ற புது மருந்தைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்தாங்க. படுத்த படுக்கையாக் கிடந்தவங்க எழுந்து உட்கார்ந்தாங்க, சிரிச்சாங்க, பசிக்குதுன்னு கேட்டாங்க. நோயாளிகள் நடனமாடுறாங்கன்னு பத்திரிகையில் படமே வந்தது. நுரையீரலுக்குக் கொடுத்த மருந்து மனசைப் போய்த் தொட்டிருக்கு! 1957-ல் நேதன் க்ளைன் என்ற மனநல மருத்துவர் அதையே மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பலன் கண்டதாச் சொன்னார். பின்னால் அது கல்லீரலைக் கெடுக்குதுன்னு கைவிட்டது தனிக் கதை.

அடுத்த கதை நம்ம நாட்டுச் செடியோடது. சர்ப்பகந்தா. பாம்புக்கடிக்கும் சித்தப் பிரமைக்கும் நம்ம வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக் கொடுத்த வேர். 1931-ல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அதைப் பற்றி எழுதினாங்க. 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், ரத்தக் கொதிப்பை அது குறைக்குதுன்னு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுத, உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற பொருளைப் பிரிச்செடுத்தது.

ரத்தக் கொதிப்புக்கு ரிசர்பின் சாப்பிட்டவங்கள்ல சிலர் மனம் ஒடிஞ்சு போனாங்கன்னு செய்தி வந்தது. 1955-ல் அமெரிக்காவில் பிராடி என்பவரின் ஆய்வுக்கூடம் ரிசர்பின் செரோட்டோனினைக் காலி பண்ணுதுன்னு கண்டது. அவ்வளவுதான், முடிச்சுப் போட்டுட்டாங்க! செரோட்டோனின் குறைஞ்சா சோர்வு, கூடினா சுகம்.

ஆனா நடுவர் அவர்களே, அதே 1955-ல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் டேவிஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் அதே ரிசர்பினைப் பதற்றமும் மனச்சோர்வும் உள்ளவங்களுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. வெற்று மாத்திரை சாப்பிட்டவங்களைவிட இவங்களுக்குக் குணம் தெரிஞ்சது! சோர்வைக் கொண்டுவரும்னு சொன்ன மருந்தே சோர்வைக் குறைச்சிருக்கு. கதைக்கு ஒத்துவராத சாட்சியை யார் கூப்பிடுவாங்க? அது ஓரமாப் போயிடுச்சு. (கைதட்டல்)

1965-ல் ஜோசப் ஷில்ட்கிராட் என்ற அமெரிக்கர், நார்அட்ரினலின் என்ற ரசாயனம் குறைவதே காரணமாகலாம் என்று எழுதினார். 1967-ல் இங்கிலாந்தின் அலெக் காப்பன் செரோட்டோனின் பக்கம் கை காட்டினார். ஷில்ட்கிராட் நேர்மையான மனுஷர். ‘இது ரொம்பச் சிக்கலான விஷயத்தை அளவுக்கு மீறி எளிமையாக்கின கருத்து’ என்கிற பொருளில் அந்தக் கட்டுரையிலேயே எழுதி வச்சிருக்கார். அந்த வரியை யாரும் விளம்பரத்தில் போடலை. 1987 டிசம்பரில் அமெரிக்காவில் புரோசாக் மாத்திரைக்கு அனுமதி கிடைச்சது. அதுக்கப்புறம் வந்த விளம்பரங்கள்ல ‘ஆகலாம்’ போய் ‘ஆகும்’ ஆயிடுச்சு. தமிழ் வாத்தியாருக்கு இங்கேதான் வேலை, தம்பி! (சிரிப்பு, கைதட்டல்)

எங்க வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி. தைலம் தேய்ச்சா கேட்குது. அதனால முழங்கால்ல தைலம் குறைஞ்சுதான் வலி வந்ததுன்னு சொல்லலாமா? (பலத்த சிரிப்பு) வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோய் எது, நோய்க்கு மூலம் எது, தணிக்கும் வழி எது என்று மூன்றையும் தனித்தனியாத் தேடச் சொன்னார். இவங்க மூணாவதை வச்சு ரெண்டாவதை முடிவு பண்ணிட்டாங்க.

இன்சுலினோட ஒப்பிட்டாரே, சர்க்கரையை ரத்தத்தில் அளந்து பார்த்துச் சொல்றாங்க. மனச்சோர்வுன்னு சொல்ல எந்த டாக்டராவது செரோட்டோனினை அளந்து பார்க்கிறாரா? மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே அது செரோட்டோனினில் வேலையை ஆரம்பிச்சிடுது. மனசு தெளிய வாரக்கணக்கு ஆகுதே, ஏன்? செரோட்டோனின் தயாரிக்க வேண்டிய டிரிப்டோஃபான் சத்தை உணவில் குறைச்சும் சோதிச்சாங்க. நல்லா இருக்கிறவங்கள்ல பெரும்பாலோருக்கு மனச்சோர்வு வரலை. முன்னே மனச்சோர்வு வந்து குணமானவங்கள்ல சிலருக்குத் திரும்ப வந்தது. இந்தச் சாட்சி உங்க பக்கம்தான் தம்பி, மறைக்க மாட்டேன்.

2022-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஜோவன்னா மான்கிரீஃப் குழு, அதுவரை வந்த ஆய்வுத் தொகுப்புகளைச் சேர்த்துப் பார்த்தது. செரோட்டோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லைன்னு எழுதியது. உடனே சண்டை! 2023-ல் வேறு பல நிபுணர்கள், ‘நீங்க ஆய்வுகளை எடைபோட்ட முறை சரியில்லை, செரோட்டோனினுக்குப் பங்கே இல்லைன்னு சொல்ல முடியாது’ன்னு பதில் எழுதினாங்க. ‘பங்கு’ன்னுதான் சொல்றாங்க. ‘குறைவுதான் ஒரே காரணம்’னு அவங்களும் சொல்லலை.

அப்போ மாத்திரை பொய்யா? எதிரணிச் சகோதரி கேட்கத் துடிக்கிறாங்க. இல்லைம்மா. 2018-ல் லான்செட் இதழில் வந்த தொகுப்பு, 522 சோதனைகள், 1,16,477 பேர், 21 மருந்துகள். இருபத்தொன்றுமே வெற்று மாத்திரையைவிட மேல்னு காட்டுச்சு. வித்தியாசம் சராசரியாப் பெரிசில்லை, ஆனா இருக்கு. தைலம் ஏன் கேட்குதுன்னு தெரியாததால தைலத்தை யாராவது கொட்டுவாங்களா?

(மணி ஒலிக்கிறது)

முடிச்சிடறேன் ஐயா. அந்த அம்மாகிட்ட நான் சொன்னது இதுதான்: “உங்க பொண்ணு மூளையில் குறைன்னு யாரும் அளந்து பார்த்ததில்லைம்மா. பரம்பரைக் கேள்வியை டாக்டர்கிட்ட கேளுங்க, எங்கிட்ட கேட்காதீங்க. மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்தினா உடம்பு படுத்தும். குறைக்கிறதா இருந்தா டாக்டர் படிப்படியாக் குறைப்பார். கல்யாணத்தைப் பத்தி முதல்ல பொண்ணுகிட்ட கேளுங்க.”

“அவகிட்டயா?”ன்னாங்க. “ஆமாம்மா, அவகிட்டதான்”னேன். அதுவரைக்கும் யாரும் கேட்கலை போலிருக்கு.