மௌனம் யாருடைய சம்மதம்?



‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்பது நம் ஊர்களில் அடிக்கடி காதில் விழும் பழமொழி. பெண் பார்க்க வந்த வீட்டில் சொல்வார்கள், ஊர்க்கூட்டத்தில் சொல்வார்கள், கிராம சபையிலும் சொல்வார்கள். வாய் திறக்காதவர் ஒப்புக்கொண்டவராகக் கணக்கில் ஏறிவிடுகிறார். ‘ஒருமனதாக நிறைவேறியது’ என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுகிறார்கள். சேரியின் கையெழுத்தும் கைநாட்டும் அதன் அடியில் இருக்கும்.

இந்தப் பேருரைக்கு அந்தப் பழமொழியின் முதல் சொல்லை எடுத்துக்கொள்கிறோம். ஒரு சொல்லைத் தோண்டினால் அதனடியில் சாதியின் வரலாறு கிடைக்கும் என்று நமக்குக் கற்றுத் தந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். ‘இந்திரர்’ என்பதை ஐம்பொறிகளை வென்ற புத்தரின் பெயராக வாசித்து, ஒரு தேசத்தின் சரித்திரத்தையே அவர் திருப்பி எழுதினார். அவர் காட்டிய வழியில் ‘மௌனம்’ என்ற சொல்லையும் திறந்து பார்ப்போம்.

‘முனி’ என்பதிலிருந்து பிறந்தது ‘மௌனம்’. முனியின் தன்மை, முனியாக இருக்கும் நிலை என்பதே அதன் முதற்பொருள். பேசாதிருத்தல் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் நீண்ட சடையோடு காற்றில் திரியும் முனிகளைப் பற்றி ஒரு பாடல் இருக்கிறது. அவர்கள் பரவசத்தில் திரிபவர்கள். வாய்மூடி உட்கார்ந்திருப்பவர்களாக அங்கே காட்டப்படவில்லை. காலப்போக்கில் முனியின் பல குணங்களில் பேசாமை மட்டும் மேலே வந்தது. பகவத்கீதை மௌனத்தை மனத்தின் தவங்களில் ஒன்றாக எண்ணுகிறது.

பௌத்தம் இந்தச் சொல்லோடு நேராக மோதியது. பாலியில் அது ‘மோன’. நாம் ‘மோனம்’ என்று சொல்வதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். தம்மபதத்தின் 19ஆம் அத்தியாயம், அறிவில்லாத ஒருவர் பேசாமல் இருப்பதாலேயே முனியாகிவிட மாட்டார் என்கிறது. தராசு பிடித்தவரைப் போல நல்லதையும் கெட்டதையும் நிறுத்துப் பார்த்து, நல்லதை எடுத்துக்கொள்பவரே முனி என்று அடுத்து வருகிறது. சாக்கியமுனி என்று பெயர் பெற்றவர் 45 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து பேசிக்கொண்டே இருந்தவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் வழக்கமும் பௌத்த சங்கத்தில் இருந்தது. உணவுக்கு அழைத்தவர்களுக்குப் புத்தர் மௌனத்தாலேயே இசைவு தெரிவித்தார் என்று பாலி நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சங்கக் கூட்டத்திலும் மௌனம் ஒப்புதலே. ஆனால் அதற்கு நிபந்தனைகள் இருந்தன. முக்கியமான காரியம் என்றால் முதலில் முன்மொழிவைச் சொல்ல வேண்டும். பிறகு அதை மூன்று முறை அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும், ஏற்பவர் பேசாதிருக்கலாம், ஏற்காதவர் பேசலாம் என்று சொல்லியாக வேண்டும். நோயில் கிடப்பவர் தன் இசைவை இன்னொரு பிக்குவிடம் சொல்லியனுப்ப வேண்டும். அவர் வராததையே இசைவாக எடுத்துக்கொள்ள முடியாது.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய பாபாசாகேப் அம்பேத்கர், பிக்கு சங்கங்களில் முன்மொழிவு, தீர்மானம், வாக்கெண்ணிக்கை போன்ற நாடாளுமன்ற நடைமுறைகள் எல்லாம் இருந்தன என்று எடுத்துச் சொன்னார். அந்த நடைமுறையோடு நம் பழமொழியைப் பொருத்திப் பார்த்தால் குறை எங்கே என்று தெரியும். மௌனம் சம்மதம் என்ற பாதி நம்மிடம் இருக்கிறது. மூன்று முறை கேட்க வேண்டும், மறுப்பவர் பேச இடம் வேண்டும் என்ற மறுபாதி காணாமல் போய்விட்டது.

அது போன வழியைத் தர்ம சாஸ்திரங்களில் பார்க்கலாம். வேதத்தை ஓதிய சூத்திரனின் நாக்கை அறுக்கச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். இருபிறப்பாளரைக் கடுஞ்சொல்லால் இகழும் சூத்திரனுக்கும் அதே தண்டனையைச் சொல்கிறது மனு. பேஷ்வாக்களின் புனேயில் தீண்டப்படாதவர் தம் எச்சில் தரையில் விழாதபடி கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். நம் ஊர்ப் பண்ணைகளில் அதற்குப் பெயர் கைகட்டி வாய்பொத்தி நிற்பது. இந்த நிலையை மௌனம் என்று அழைப்பது சொல்லுக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது. பேச்சைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது மௌனம். பேச்சைப் பறித்துவிட்டு நிறுத்தியிருப்பது வாயடைப்பு.

1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் தொடங்கிய மராத்தி இதழின் பெயரில் இந்த வேறுபாடு இருக்கிறது. ‘மூக்நாயக்’ என்றார், ஊமைகளின் நாயகன். தமிழிலும் மூகன், மூகை என்று ஊமைக்குப் பெயருண்டு. முனியின் சொல்லை அவர் எடுக்கவில்லை. வாயடைக்கப்பட்டவரைக் குறிக்கும் சொல்லை எடுத்து இதழின் தலைப்பில் வைத்தார். ஊமைகள் என்று அழைத்துக்கொண்டே அவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

தமிழகத்தில் அந்தப் பேச்சு முன்பே அச்சேறியிருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை ஆரம்பித்தார். சாக்கியமுனியின் பெயரில் கூடியவர்கள் வாரந்தோறும் எழுதினார்கள், வாதாடினார்கள், கேள்வி கேட்டார்கள். பின்னால் வந்த வரலாற்றாசிரியர்களில் பலர் இதழியல் வரலாற்றிலும் இயக்க வரலாற்றிலும் இவர்களைச் சொல்லாமல் கடந்தார்கள். உண்மையான மௌனம் அதுதான். அவர்களுக்கு வாய் இருந்தது, பேனா இருந்தது, பேசினால் கழுத்துக்குக் கத்தி வராது என்ற பாதுகாப்பும் இருந்தது.

அந்தப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை மதுரை மாவட்டம் காட்டியது. 1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டாமங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மனுத் தாக்கலுக்கு ஆள் வரவில்லை, அல்லது வென்றவர் உடனே விலகினார். பத்தாண்டுகள் இப்படியே கழிந்தன. வேட்பாளர் இல்லை என்ற கோப்பை மட்டும் படிப்பவருக்கு இது விருப்பமின்மையாகத் தெரியும். அதே மாவட்டத்தில், அதே 1996இல் ஒதுக்கப்பட்ட மேலவளவில், போட்டியிட்டு வென்ற தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பேசியவருக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் பேசாதவரின் கோப்பு விளங்கும். 2006 அக்டோபரில் அரசு முனைந்து நின்று தேர்தல் நடத்தியபோது அந்த ஊராட்சிகளுக்கும் தலைவர்கள் கிடைத்தார்கள். மக்கள் அதே மக்கள்தான். பேசுவதற்கான சூழல்தான் மாறியது.

ஆகவே மௌனம் சம்மதம் என்ற பழமொழியை நாம் தூக்கி எறிய வேண்டியதில்லை. உரிய முகவரிக்குத் திருப்பி அனுப்பினால் போதும். பேசும் பாதுகாப்பு உள்ளவர் வன்கொடுமையைக் கண்டு பேசாமலிருந்தால், அந்த மௌனம் நிச்சயமாகச் சம்மதம்தான்.

சட்டமும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தத்தின்படி, புகார்தாரர் வாயால் சொன்னதை எழுதிக்கொண்ட காவல் அதிகாரி, கையெழுத்து வாங்குமுன் அதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். கடமையை வேண்டுமென்றே தவறும் அதிகாரிக்கு 4ஆம் பிரிவில் தண்டனை உண்டு. பிணை விசாரணை உட்பட வழக்கின் நடவடிக்கைகளில் தம் தரப்பைச் சொல்லும் உரிமையை 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்கு அளிக்கிறது. இந்தப் பிரிவுகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கள ஆய்வுக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘மக்கள் மௌனமாக இருந்தனர்’ என்று குறிப்பேட்டில் எழுதுமுன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். கேட்டவர் யார்? எந்தத் தெருவில், யார் முன்னிலையில் கேட்டார்? பேசியிருந்தால் மறுநாள் காலையில் அவர் வேலைக்கு எங்கே போவார்?

செயல்பாட்டாளர்களுக்குக் களம் ஏற்கெனவே இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். தீர்மானத்தை முழுமையாகப் படிக்கச் சொல்லுங்கள். மறுப்பு உண்டா என்று ஒரு முறை கேட்டால் போதாது, மூன்று முறை கேட்கச் சொல்லுங்கள். மறுப்பவர் பெயரோடு மறுப்பையும் புத்தகத்தில் ஏற்றிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஜெய்பீம்.