மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை: லாபமா, நஷ்டமா?

ஊத்துக்கோட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் பெரியம்மா ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, எனக்குக் கட்டியும் இல்ல, வலியும் இல்ல. மார்புல கேன்சர் இருக்கான்னு வந்து பாத்துக்கோன்னு நர்ஸம்மா சொல்றாங்க. எதுக்கு?" அவருக்கு வயது 54. "சீக்கிரம் கண்டுபிடிச்சா நல்லதுதானே பெரியம்மா" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால்... மருத்துவ உலகமே இதற்காக அறுபது வருடமாக சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது!

கதை 1963-ல் நியூயார்க்கில் தொடங்குகிறது. ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்த, 40 முதல் 64 வயது வரையிலான சுமார் 62,000 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியை மட்டும் வருடாவருடம் மேமோகிராம் எடுக்கவும், டாக்டர் கையால் தொட்டுப் பார்க்கவும் அழைத்தார்கள். பத்து வருடத்தில் அந்தப் பாதியில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு சுமார் 30 சதவீதம் குறைவு. மேலை நாடுகள் மேமோகிராமைக் கொண்டாட ஆரம்பித்தன. (காப்பாற்றியது மெஷினா, டாக்டரின் கையா என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது. அதைப் பலர் மறந்துவிட்டார்கள்.)

நஷ்டக் கணக்கு பிறகுதான் வந்தது. நஷ்டம் என்றால் பணம் மட்டுமல்ல. சில புற்றுக்கட்டிகள் ஆயுள் முழுக்க எந்தத் தொந்தரவும் தராமல் கிடக்கும். ஆனால் படத்தில் தெரிந்துவிட்டால் யார் சும்மா விடுவார்கள்? அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் உண்டு. 2012-ல் பிரிட்டனில் மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு கணக்குப் போட்டது. 50 வயதுப் பெண்கள் 10,000 பேரை 20 வருடம் பரிசோதனைக்கு அழைத்தால் 43 உயிர்கள் பிழைக்கும். ஆனால் 129 பேருக்கு, தெரியாமலே இருந்திருக்கக்கூடிய புற்று கண்டுபிடிக்கப்படும். இருந்தும் திட்டத்தைத் தொடரலாம் என்றுதான் அந்தக் குழு சொன்னது.

சரி, நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். 1998-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர் இந்திரநீல் மித்ரா குழுவினர் மெஷினே இல்லாமல் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். சுமார் 1,51,000 பெண்கள், 35 முதல் 64 வயது வரை. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் ஒரு பாதிப் பெண்களை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் சாவு 15 சதவீதம் குறைவு, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம். 50 வயது தாண்டியவர்களில் மட்டும் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு! 50-க்குக் கீழே பலன் தெரியவில்லை.

என்னைக் கேட்டால், ஏழை நாட்டுக்கு மட்டமான வைத்தியம் என்று இதை ஒதுக்கக் கூடாது. பெரியம்மா வயதுக்காரர்களுக்கு இது கைமேல் இருக்கும் பலன்.

மறுவாரம் அவரிடம் போய், "கையாலதான் பாப்பாங்க, பயப்படாம போங்க" என்றேன். "கட்டி இருந்தா?" என்றார். பயாப்சி, ஆபரேஷன் என்று சென்னைக்கு அலையணும். "நான் கூட வரேன் பெரியம்மா" என்று சொல்லியிருக்கிறேன்.