பிந்தி வந்த மனைகள்: பாலாற்றுத் தோல் பகுதியில் நிலமாற்றத்தின் வரிசை

நிலத்தடி வளத்தை எடுப்பதும் அதே நிலத்தின் மேல் வீடு கட்டுவதும் எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பது நில வரலாற்றில் அதிகம் கேட்கப்படாத கேள்வி. டெக்சாஸின் மேய்ச்சல் நிலத்துக்காரர், எண்ணெய்க் குத்தகை முடிந்த பிறகு மனை பிரிப்பதா, கிணறுகளுக்கு இடம் ஒதுக்கிவிட்டு இப்போதே பிரிப்பதா என்று கணக்குப் போடுவார். ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரையிலான பாலாற்றங்கரையில் எண்ணெயின் இடத்தில் இருந்தது தண்ணீர். தன் நிலத்துக்கு அடியிலுள்ள நீரை உடையவர் எடுத்துக்கொள்ளும் உரிமையை 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் ஏற்கிறது. எடுத்த நீர் எந்த நிலையில் மண்ணுக்குத் திரும்புகிறது, அதன் பிறகு அந்த மண் எதற்கு உதவும் என்ற பொறுப்பு மட்டும் யாருடைய கணக்கிலும் சேரவில்லை. இங்கு நிலமாற்றத்தின் வரிசையைத் தீர்மானித்தது இந்த இடைவெளிதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்ட காலத்திலும் கழிவு இருந்தது. ஆனால் 1970களில் கொள்கை மாறியது. மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து பதனிடாத, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, முழுமையாக முடித்த தோலும் காலணியும் ஊக்குவிக்கப்பட்டன. அந்நியச் செலாவணியும் வேலையும் பெருகின. அவற்றோடு குரோமியமும் உப்பும் பெருகின. குரோமிய ரசாயனம் தயாரித்த ராணிப்பேட்டை ஆலை 1995இல் மூடப்பட்டபோது, ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு திறந்தவெளியில் குவிந்து கிடந்தது. தோல் கழிவால் நேர்ந்த மாசுக்கு எதிராக 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக ஓர் ஆய்வு கூறியதை அத்தீர்ப்பு பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதற்கு இத்தீர்ப்பு முக்கியக் காரணம்.

கிணறு உப்பேறினால் நெல்லும் தென்னையும் வருமானம் தராது. மனைக்கு அந்தத் தடை இல்லை. குடிநீர் வேறிடத்திலிருந்து வந்தால் போதும். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் மேட்டூர்த் தண்ணீரை இப்பகுதி நகரங்களுக்குக் கொண்டுவந்தபோது, குடியிருப்பு உள்ளூர் நீரின் தரத்திலிருந்து விடுபட்டது. இந்த விடுதலை நல்லதா என்பது வேறு கேள்வி. பாழான வயலுக்கு வாங்குபவர் கிடைத்தார். அதைச் சீராக்கும் அவசரம் குறைந்தது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவைத் தடுத்தது. 2017இல் வந்த வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20ஐ எல்லைத் தேதியாக வைத்தன. மனை எப்போது விற்கப்பட்டது என்பதே அங்கு மையக் கேள்வி. அந்த மண் முன்பு எதை உறிஞ்சியது என்பதல்ல.

வேலூர் வளர்ந்ததற்கு சி.எம்.சி. மருத்துவமனையும் கல்லூரிகளும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும்தான் காரணம், தோல் கழிவு அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். நகரைச் சுற்றிய மனைகளுக்கு அது பெருமளவு பொருந்தும். ஆனால் மனைக்குத் தேவை எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அந்தக் காரணங்கள் விளக்குகின்றன. உழவர் ஏன் நிலத்தைக் கைவிடத் தயாரானார் என்பதற்கு உப்பேறிய கிணற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவுநீரை வெளியே விடாத முறையும் வந்த பிறகு இது பழங்கதை என்பது இன்னொரு மறுப்பு. அந்த முதலீடு உண்மையான முன்னேற்றம். எனினும் அது தடுப்பது இனி சேரும் கழிவை; ஏற்கெனவே நிலத்தடி நீரில் கரைந்த உப்பை அது வெளியே எடுக்காது. 1996இல் தீர்ப்பு வந்தும், இழப்பீட்டையும் பாலாற்றுச் சீரமைப்பையும் வற்புறுத்த 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த இருபத்தெட்டு ஆண்டுகள் வயல் மனையாகக் கைமாறப் போதுமான காலம். இழப்பீடு உழவருக்குப் போய்ச் சேரலாம். அந்த நிலத்தில் இன்று வீடு கட்டி ஆழ்துளைக் கிணறு போடும் குடும்பத்துக்கு அதில் இடமில்லை. ஆகவே, இப்பகுதியில் மனைப்பிரிவுக்கு அனுமதி தருமுன் மண்ணையும் நீரையும் சோதித்து முடிவைப் பத்திரத்தோடு இணைப்பதும், சோதனைச் செலவை மாசுபடுத்தியவர் கட்டிய நிதியிலிருந்து எடுப்பதும் 1996 தீர்ப்பின் கொள்கைக்கு உட்பட்டவையே.