உரித்தெடுத்த படலத்தின் வரலாறு

கிராபீனில் எலக்ட்ரான் எப்படி ஓடும் என்ற கணக்கு, அந்தப் பொருள் கைக்குக் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே போடப்பட்டுவிட்டது. 1947-இல் கனடாவில் பி. ஆர். வாலஸ் ஆராய்ந்தது கிராஃபைட்டை. அணு உலைகளில் அது பயன்படத் தொடங்கியிருந்த காலம். கணக்கை எளிதாக்க, முதலில் ஒரே ஓர் அணு அடுக்கை, அதாவது கிராபீனை, மட்டும் எடுத்துக்கொண்டார். அந்த அடுக்கில் எலக்ட்ரானின் ஆற்றல் உந்தத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது. நிறையே இல்லாத துகள்போல, ஒளிவேகத்தில் சுமார் 300-இல் ஒரு பங்கு வேகத்தில் அது செல்லும். 1984-இல் கார்டன் செமனாஃப் இதை, ஒளிவேகத்தை நெருங்கும் எலக்ட்ரான்களுக்கான டிராக் சமன்பாட்டோடு இணைத்துக் காட்டினார். சோதித்துப் பார்க்கத்தான் பொருள் இல்லை.

அந்தப் பொருளைப் பெற, மான்செஸ்டரில் இயற்பியலாளர் ஆந்த்ரே கெய்ம் முதலில் கிராஃபைட் வில்லை ஒன்றைத் தேய்த்து மெலிதாக்கச் சொன்னார். ஆராய்ச்சி மாணவர் பாடுபட்டுத் தேய்த்தும் மிஞ்சியது தடித்த துணுக்குதான். வருடு நுண்ணோக்கியில் வேலை செய்பவர்களோ, கிராஃபைட்டின் மேற்பரப்பைப் புதிதாக்க ஒட்டுநாடாவை ஒட்டி உரித்துவிட்டு, நாடாவைக் குப்பையில் போடுவது வழக்கம். அந்தக் குப்பைதான் மூலப்பொருளானது. உரித்ததை மறுபடி மறுபடி உரித்து, சிலிக்கான் வில்லைமேல் அழுத்தி எடுத்தார்கள். வில்லையின் மேலிருந்த ஆக்சைடு பூச்சு 300 நானோமீட்டர் என்பதால் ஓரணுப் படலம் சாதாரண நுண்ணோக்கியிலேயே மங்கலாகத் தெரிந்தது. 315 ஆக இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. இதில் அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் 2004 அக்டோபரில் முடிவுகளை வெளியிட்டார்கள். அடியிலுள்ள சிலிக்கானுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை மாற்றினால், ஒரே படலத்தில் எலக்ட்ரான்களும் ஓடின, அவற்றின் வெற்றிடமான துளைகளும் ஓடின.

வாலஸின் கணக்குக்கு உறுதியான சான்று 2005-இல் வந்தது. மான்செஸ்டர் குழுவும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிலிப் கிம்மின் குழுவும் தனித்தனியே குவாண்டம் ஹால் விளைவை அளந்தன. வலுவான காந்தப்புலத்தில், குறுக்குவாக்கில் அளக்கும் ஹால் கடத்துதிறன் படிக்கட்டுபோல ஏறும். கிராபீனில் அந்தப் படிகள் அரைப்படி தள்ளி நின்றன. சுழி ஆற்றலில் உள்ள நிலையை எலக்ட்ரான்களும் துளைகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொள்வதே காரணம். நிறையற்ற துகளுக்குரிய அடையாளம் இது. மற்றப் பொருள்களில் கடுங்குளிரில் மட்டும் காணப்பட்ட இந்த விளைவு, 2007-இல் கிராபீனில் அறை வெப்பநிலையிலேயே தென்பட்டது.

அடுத்த தடை ஆக்சைடு பூச்சுதான். அதன் மேடுபள்ளமும் அதில் சிக்கிய மின்னூட்டங்களும் எலக்ட்ரான்களைச் சிதறடித்தன. 2010-இல் கொலம்பியாவில் கிராபீனை போரான் நைட்ரைடு படிகத்தின்மேல் கிடத்தினார்கள். அது அணு அளவில் சமதளம். எலக்ட்ரான்கள் தடங்கலின்றி வெகுதூரம் ஓடின. படிகங்கள் ஜப்பானில் டனிகுச்சியும் வத்தனபேயும் உயர் அழுத்தத்தில் வளர்த்தவை. பின்னர் உலகெங்கும் உள்ள ஆய்வகங்களுக்கு அவர்களே அனுப்பினார்கள்.

2018-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாப்லோ ஹரில்லோ-எரேரோவின் குழு, இரு கிராபீன் படலங்களைச் சுமார் 1.1 பாகை திருப்பி அடுக்கியபோது, 1.7 கெல்வினுக்குக் கீழே அவை மின்தடையற்ற மீக்கடத்தியாயின. அந்தக் கோணத்தில் எலக்ட்ரான்களின் வேகம் மிகவும் குறைந்து, ஒன்றையொன்று பாதிப்பது மேலோங்குகிறது. கோணம் சிறிது பிசகினாலும் மீக்கடத்தல் கிடைக்காது. அதனால் அணுவரிசை ஒரே திசையில் அமைந்த இரு பாதிகள் கிடைக்க, ஒரே படலத்தை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைத் திருப்பி மற்றதன்மேல் வைக்கிறார்கள்.