புத்தளக் கரையோரத்து அண்ணாவிமார்

இலங்கைக் கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாறு பெரும்பாலும் குருமாரின் வரலாறாகவும் ஆயர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டிருக்கிறது. கரையோர மீனவரிடையே அச்சமயம் ஒல்லாந்தர் ஆட்சியின் ஏறக்குறைய 140 ஆண்டுகளைத் தாண்டி நிலைத்தது எவ்வாறு என்று கேட்டால், குருமாரை மட்டும் கொண்டு விடை சொல்ல முடியாது. குருவானவரின் முகத்தை ஆண்டுக்கு ஓரிரு முறை கண்டாலே பெரிது என்றிருந்த காலம் அது. எஞ்சிய நாட்களில் தளர்ந்தவனைத் தாங்கியவர்கள் அவ்வூரின் அண்ணாவியாரும் மூப்பருமே.

கொழும்பு 1656இலும் யாழ்ப்பாணம் 1658இலும் ஒல்லாந்தர் வசமாயின. போர்த்துக்கீசரோடு கத்தோலிக்கக் குருமாரும் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமென 1658இல் கட்டளை பிறந்தது. ஆயினும் சாமானியனை அதைவிட அதிகமாக வாட்டியது பள்ளிக்கூடத் தோம்புதான். பிறப்பும் ஞானஸ்நானமும் திருமணமும் சீர்திருத்தத் திருச்சபையின் வழியே அதில் பதியப்பட வேண்டும். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு வாரிசுரிமை சிக்கலாகிவிடும். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் தண்டப்பணம். அரச உத்தியோகம் வேண்டுமாயின் அரசின் சமயத்தை ஏற்க வேண்டும். ஆகவே பலர் வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக வாழப் பழகினர். உயிரச்சம் சிலரைத்தான் தொட்டது. பிள்ளையின் எதிர்காலம் பற்றிய அச்சமோ எல்லா வீட்டுக்குள்ளும் புகுந்தது.

புத்தளம் களப்பின் அமைவு இங்கு கவனிக்கத்தக்கது. களப்பின் வாயிலைக் காக்கும் கற்பிட்டியில், போர்த்துக்கீசரின் சிறு கோட்டையும் யேசு சபையாரின் சிற்றாலயமும் இருந்த இடத்தில், 1667 முதல் 1676 வரையான காலத்தில் ஒல்லாந்தர் தமது கோட்டையைக் கட்டினர். களப்பின் உட்கரையிலுள்ள புத்தளமோ கண்டி மன்னனின் ஆட்சியில் இருந்தது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னரே கரையோரம் முழுவதும் ஒல்லாந்தருக்கு உரியதாயிற்று. அதுவரை களப்பின் ஒரு பக்கத்தில் தடைசெய்யப்பட்டிருந்த செபத்தை மறுபக்கத்தில் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது.

இந்த இடைவெளியைப் பயன்படுத்தியவர் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார். 1651இல் பெனாலிமில் பிறந்த அவர், 1687இல் கூலியாளின் வேடத்தில், ஜோன் என்ற துணைவனுடன் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் நோயுற்றுக் கிடந்து எழுந்தபின், கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்காரனாகச் சென்றார் என்பது வழிவழி வந்த செய்தி. செபமாலையைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தே மறைந்திருந்த கத்தோலிக்கரை அடையாளம் கண்டாராம். சில்லாலையில் தங்கியிருந்து இரவுகளில் பணியாற்றினார். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையாகவே, 1690இல் புத்தளத்துக்கு வந்தார். ஏறத்தாழ ஓராண்டு இங்கு தங்கிப் பணிபுரிந்தார்.

அவர் முன் வந்து நின்றவர்கள் யார்? முப்பதாண்டுக் காலம் குருவைக் காணாதவர்கள். தண்டத்துக்கு அஞ்சி ஒல்லாந்தரின் தேவாலயத்துக்குச் சென்றவர்கள். பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுக்க மறந்துபோனவர்கள். அடிகளார் இத்தகையோரைத் தேடிச் சென்று பாவசங்கீர்த்தனம் கேட்டார், திருமணங்களைச் சீர்செய்தார், வளர்ந்தவர்களுக்கும் அரிச்சுவடியிலிருந்தே மறைக்கல்வி புகட்டினார். ஒரு குரு பல ஊர்களில் ஒரே வேளையில் இருக்க முடியாது. குரு போன பின் அந்த மனிதனுக்கு யார் துணை என்ற கேள்விக்கும் அவர் விடை காண வேண்டியிருந்தது.

அந்த விடைதான் மூப்பரும் அண்ணாவியாரும். மூப்பர் ஆலயத்தையும் சமூகத்தையும் நிர்வகித்தார். அண்ணாவியார் ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொன்னார், சிறுவருக்கு மறைக்கல்வி கற்பித்தார். ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுப்பதும், குரு வருமுன் மக்களை ஆயத்தப்படுத்துவதும் இவர்களைப் போன்ற பொதுநிலையினரின் பொறுப்பாயின. அவர்கள் வெளியூரிலிருந்து வந்த போதகர்கள் அல்லர். அதே கரையில் வலை இழுத்தவர்கள், அதே முதலாளியிடம் கடன்பட்டவர்கள். அயலவனின் குடியையும் கடனையும் கோபத்தையும் அவர்கள் கேள்வியால் அறிந்தவர்கள் அல்லர், கூட வாழ்ந்து அறிந்தவர்கள். கண்டிப்பதானாலும் அணைப்பதானாலும் மறுநாளும் அதே முகத்தில்தான் விழிக்க வேண்டும். ஆதலால் பொறுமை அவர்களுக்கு ஒரு நற்பண்பு மட்டுமன்றித் தவிர்க்க முடியாத ஒரு தேவையுமாயிற்று.

அப்பொறுமைக்கு அடிகளாரின் வாழ்வே இலக்கணம். 1692இல் கண்டிக்குச் சென்ற அவர், போர்த்துக்கீச உளவாளி என்ற குற்றச்சாட்டில் சிறையிடப்பட்டார். சிறையில் சிங்களம் கற்றார், அங்கேயே குடிசையொன்றை ஆலயமாக்கினார், உடனிருந்த கைதிகளுக்குப் போதித்தார். 1697இல் தலைநகரில் பெரியம்மை பரவியபோது, உறவினராலேயே கைவிடப்பட்டவர்களைத் தம் கையால் பராமரித்தார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனிடம் அவருக்கு முழுச் சுதந்திரம் பெற்றுத்தந்தது அந்தப் பணிவிடைதான். 1711 ஜனவரி 16இல் கண்டியில் காலமானார். 1995இல் கொழும்பில் அருளாளராகவும், 2015 ஜனவரி 14இல் காலிமுகத் திடலில் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

அண்ணாவிமாருக்கு வேண்டிய நூல்களை ஆக்கித்தந்தவர், 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அவருடைய தமிழ் நூல்களுள் ‘வியாகுலப் பிரசங்கம்’ தபசுகாலத்தில் ஊர்கூடி இராகத்தோடு வாசித்துவந்த நூல். எழுத்தறியாத மீனவனும் கேட்டு மனனம் செய்யக்கூடிய வடிவம் அது. இன்றைய புத்தளம் மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள போலவத்தையில் 1742இல் அவர் மறைந்தார்.

பிரித்தானியர் 1796இல் கரையோரத்தைக் கைப்பற்றினர். 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகள் நீங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குருமார் பெருந்தொகையாக வந்தபின், அதிகாரம் பங்குமனைக்கு மாறியது. மூப்பரின் செல்வாக்குச் சுருங்கியது. 1939இல் சிலாபம் தனி மறைமாவட்டமாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் பாடசாலைகள் வழியே சிங்களம் பரவ, சிலாபத்துக்குத் தெற்கே பல மீனவக் குடும்பங்களில் தமிழ் மெல்ல மெல்லப் பின்வாங்கியது. அண்ணாவிமார் வாய்மொழியாகக் கையளித்த தமிழ்ச் செபங்களும் அதனோடு அருகிவிட்டன. ஒல்லாந்தரின் தடையால் அழியாதது சொந்தப் பள்ளிக்கூடத்தில் தேய்ந்துபோனது என்பதைத் தமிழ் வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆண்டுதோறும் தலவில அன்னம்மாள் திருவிழாவில் திரளும் யாத்திரிகரைக் கண்டு, இக்கரையோரத்தின் சமயவாழ்வு செழிப்பாக உள்ளதென்று சொல்லிவிடலாம். திருவிழா முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். பருவந்தோறும் ஊர்விட்டு ஊர்போய் வாடி அமைத்துத் தங்கும் மீனவனுக்குக் கடனும் குடியும் தனிமையும் இன்றும் தீரவில்லை. அவன் எந்தப் பங்கின் பதிவேட்டிலும் முழுமையாக அடங்காதவன். பெரிய ஆலயங்களும் வாரமொரு பிரசங்கமும் அவனை எட்டுவது அரிது. அவன் வாடியில் வந்து அமர்ந்து, அவன் பேச்சைக் கேட்டு, அவன் மறுபடி தவறினாலும் மறுபடி வந்து அமரக்கூடிய ஒருவர் அவனுக்கு வேண்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த ஒருவரை ஊருக்குள்ளிருந்தே தெரிந்தெடுத்தார்கள். அவருக்குச் சம்பளமும் இல்லை, சிலையும் இல்லை. அவரைப் போன்றவரை மீண்டும் ஊருக்குள் தேடுவது, புனிதர் பட்டத்தைக் கொண்டாடியவர்களுக்கு இன்னும் எஞ்சியிருக்கும் வேலை.